சனிக்கிழமை ரயில்: கொங்கு நாட்டிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

ஏப்ரல், மே வந்துவிட்டால் சென்னிமலையில் எங்கள் வீட்டு வாசலில் வாரத்துக்கு ஒரு வண்டியாவது வந்து நிற்கும். பையனுக்கோ பெண்ணுக்கோ ஜெர்மனியில் இடம் கிடைத்திருக்கும். தறிக்காரர் வீட்டுப் பெண் அங்கே படித்துவிட்டு வந்திருக்கிறது, போய்க் கேளுங்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அப்பாக்களின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஏனுங் அம்மணி, பையன் சோத்துக்கு என்னங் பண்ணுவான்?" அம்மாக்கள் குளிரைப் பற்றிக் கேட்பார்கள். பெரியவர்கள் தறி பார்க்க எழுந்து போனதும், அதுவரை காபி டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மெதுவாக வாயைத் திறப்பார். "அக்கா, லீவு நாள்ல ஊரெல்லாம் சுத்திப் பாக்கலாமா?"

இந்தக் கட்டுரை அந்தக் கடைசிக் கேள்விக்காக. ஆனால் ஊர் சுற்றும் வழி அரிசிப் பானை, தபால் பெட்டி, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை உள்ள வேலையை ஒழுங்காக முடித்து வைக்கிறவருக்குத்தான் அங்கே சனிக்கிழமை கிடைக்கும்.

நான் 2022 அக்டோபரில் போனது கெம்னிட்ஸ். சாக்சனி மாநிலத்தில், செக் நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் நூற்பாலைகளும் ஜவுளி இயந்திரத் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர், அதனால் 'சாக்சனியின் மான்செஸ்டர்' என்று பெயர். தென்னிந்திய மான்செஸ்டர் பக்கத்திலிருந்து அங்கே போய் இறங்கியிருக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். "அப்ப அங்கயும் மில்லெல்லாம் மூடிட்டாங்களா?" என்று கேட்டார். மூடித்தான் விட்டார்கள்.

நீங்கள் போகும் நகரம் வேறாக இருக்கலாம். ஊர் பெயரை மாற்றிக்கொண்டு படியுங்கள், முறை ஒன்றுதான்.

1. கணக்கை வீட்டிலேயே பேசிவிடுங்கள்

மாணவர் விசாவுக்கு ஒரு வருடச் செலவுக்கான பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் பிளாக்டு அக்கவுண்ட் என்ற கணக்கில் 11,904 யூரோ போடுகிறார்கள். நம் பணம்தான், ஆனாலும் மொத்தமாக எடுக்க முடியாது. அங்கே போனபின் மாதம் 992 யூரோ மட்டும் நம் கைக்கு வரும். இது தவிர, 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம், அதாவது நம் மதிப்பெண் பட்டியல், பட்டங்கள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் தாள். கட்டணம் 18,000 ரூபாய். அட்மிஷன் வரட்டும் என்று காத்திருக்காமல் முதலில் இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். நான் விண்ணப்பித்தபோது இந்த விதி வரவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்கள் இதனால் தவித்ததை நேரில் பார்த்தேன்.

இந்த 992-க்குள்தான் வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாம். என் விடுதி அறைக்கு 260 யூரோ. மியூனிக் மாதிரி பெரிய நகரம் என்றால் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் எதிர்பாருங்கள். மாணவர் மருத்துவக் காப்பீடு இப்போது மாதம் 140 யூரோவைத் தாண்டிவிட்டது. அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று: வீட்டில் டிவி, ரேடியோ எதுவும் இல்லாவிட்டாலும் ஒளிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோ கட்ட வேண்டும். வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்தால் பிரித்துக்கொள்ளலாம். கடிதம் வந்ததும் விளம்பரம் என்று நினைத்துக் கிழித்துப் போடாதீர்கள், விடாமல் துரத்தும்.

மீதியில் மாதம் 50 யூரோ ஊர் சுற்றத் தனியாக எடுத்து வைத்தேன். இந்த ஐம்பதைப் பற்றித்தான் வீட்டில் முன்கூட்டியே பேச வேண்டும் என்கிறேன். நான் பேசவில்லை. இரண்டாம் மாதமே பிராக் நகரத்துச் சார்லஸ் பாலத்தில் நின்று எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். பத்து நிமிடத்தில் அம்மா கூப்பிட்டார். "ஏங்கண்ணு, காட்டை அடமானம் வெச்சுப் படிக்க அனுப்புனா நீ பாலத்து மேல நின்னு போட்டோ எடுத்துட்டு இருக்கறயா?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் வலித்தது. பஸ்ஸுக்கு எவ்வளவு, படுக்கைக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி அனுப்பிய பின்தான் சமாதானம் ஆனார். போவதற்கு முன்பே, "மாசம் இவ்வளவு இதுக்குன்னு வெச்சிருக்கறேன், அதுக்கு மேல போகாது" என்று சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி.

2. பெட்டியில் என்ன போகலாம், என்ன போகாது

பால் பொருளும் இறைச்சியும் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. அப்பாவியாக ஒரு டப்பா நெய் வைத்தாலும் சுங்கத்தில் எடுத்துக் குப்பையில் போடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. காயவைத்துப் பொடியாக்கிக் கொண்டுபோங்கள். தேங்காய்க்கு அங்கே தடையில்லை, ஆனால் கொப்பரையை இங்கே விமானத்திலேயே ஏற்ற விடமாட்டார்கள். எண்ணெய் உள்ளதால் தீப்பிடிக்கும் பொருள் என்று கணக்கு. காங்கயத்து மாணவர் ஒருவரின் பெட்டியை விமான நிலையத்தில் திறந்து கொப்பரையை எடுத்தபோது அவர் அப்பாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

விடுதி அறையில் கட்டிலும் மெத்தையும் இருக்கும். தலையணை, போர்வை, விரிப்பு இருக்காது. போய் இறங்குகிற இரவு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வாங்கவும் முடியாது, கடை எல்லாம் அடைத்திருக்கும். இரண்டு சென்னிமலைப் பெட்ஷீட் கட்டாயம் வையுங்கள். ஊர்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒன்றை விரித்து ஒன்றைப் போர்த்திக்கொண்டு முதல் வாரத்தை ஓட்டலாம். பின்னால் ரயிலிலும் ஆற்றங்கரையிலும் அதுவேதான் உதவும்.

குக்கர் வாங்குவதற்கு முன் அடுப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே மின்சார அடுப்புதான். இண்டக்‌ஷன் என்றால் அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. அடி தட்டையாக உள்ள எஃகுக் குக்கர் எதற்கும் ஒத்துவரும்.

3. முதல் இரண்டு வாரம்

வீட்டுக்குக் குடி போன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு படிவம் தேவை, சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். இந்தப் பதிவுத் தாள் இருந்தால்தான் மற்ற வேலைகள் நகரும். பல்கலைக்கழகச் சேர்க்கை, காப்பீடு, வங்கி எல்லாம் அடுத்தடுத்து. விசா முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தங்கும் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள், அந்த அலுவலகங்களில் தேதி கிடைப்பதுதான் பெரிய பாடு.

ஒரு சின்ன விஷயம், ஆனால் என் மூன்று வாரத்தைத் தின்றது. கீழே தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்ட வேண்டும். நம் ஊரில் தபால்காரர் "வடக்கால வீட்டுத் தறிக்காரர் புள்ளையா?" என்று கேட்டாவது கொடுத்துவிட்டுப் போவார். அங்கே பெட்டியில் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். என் வங்கி அட்டையின் ரகசிய எண் இப்படித்தான் இரண்டு முறை திரும்பிப் போனது. கையில் அட்டை இருக்கிறது, கணக்கில் பணம் இருக்கிறது, எடுக்க வழியில்லை. பக்கத்து அறைத் திருச்செங்கோட்டுப் பெண்ணிடம் கடன் வாங்கி அரிசி வாங்கினேன். ஒரு துண்டுத் தாள், கொஞ்சம் செலோடேப், அவ்வளவுதான் வேலை.

4. வாரத்தைக் கட்டி வைப்பது

ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது. பெரிய ரயில் நிலையத்துக்குள் உள்ள கடைகள் சில திறந்திருக்கும், விலை கூடுதல். அதனால் வெள்ளி மாலை வகுப்பு முடிந்ததும் நேராகக் கடைக்குப் போங்கள். வெள்ளி இரவு துவைப்பு, சனி முழுக்க வெளியே, ஞாயிறு சமையலும் படிப்பும். இதுதான் என் ஒழுங்கு. ஞாயிறு பயணம் வைத்தால் திங்கள் காலை அரிசி இருக்காது.

கடைக்குப் போகும்போது காலிப் பாட்டில்களை எடுத்துப் போங்கள். தண்ணீர், குளிர்பானப் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகர டப்பாவுக்கும் 25 சென்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள். கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். வீட்டில் விருந்து நடந்த மறுநாள் நான் முந்திக்கொண்டு பாட்டில் பொறுக்குவேன். ஒரு முறை நாலரை யூரோ வந்தது.

இனி அந்த அப்பாக்களின் கேள்விக்குப் பதில். பையனுக்கோ பெண்ணுக்கோ ஒரே ஒரு சமையல் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள்: அரிசிம்பருப்பு. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, கழுவி ஊறவைப்பது. குக்கரில் கடலை எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், வரமிளகாய், பூண்டு, வெங்காயம், தக்காளி வதக்கி, மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் போட்டு, மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றி, அரிசி பருப்பைச் சேர்த்து மூடி மூன்று விசில். ஒரு பாத்திரம்தான் கழுவ வேண்டும். சின்ன வெங்காயத்துக்கு அங்கே விலை அதிகம், பெரிய வெங்காயத்தை வைத்தே செய்யலாம். அம்மாயி பார்த்தால் முகம் சுளிக்கும், பார்க்கப் போவதில்லை. இதை டப்பாவில் போட்டுக்கொண்டால் சனிக்கிழமை மதியம் வெளியே எட்டுப் பத்து யூரோ செலவழிக்க வேண்டாம்.

தாளிக்கும்போது சன்னலைத் திறந்து வையுங்கள், அறைக் கதவைச் சாத்தி வையுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி வரமிளகாய்க்கு நன்றாகவே அழும். ஒரு தடவை என்னால் மொத்த மாடியும் செருப்போடு பனியில் நின்றது.

படிப்பைப் பற்றி ஒன்று மட்டும். நம் ஊர் அரியர் கணக்கு அங்கே செல்லாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். மூன்றாவதும் தவறினால் அந்தப் படிப்பையே விட்டு வெளியேற வேண்டியிருக்கும். மதிப்பெண்ணும் தலைகீழ். 1.0 மிக நல்லது, 4.0 பாஸ், 5.0 ஃபெயில். ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி வரையும், ஜூலையிலும் ஊர் சுற்றும் பேச்சையே எடுக்காதீர்கள்.

வேலைக்குப் போகிறவர்கள்: மாணவர்களுக்கு வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. சனிக்கிழமை ஷிஃப்ட் எப்போதும் காலியாக இருக்கும், கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மாதம் இரண்டு சனிக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள் என்பது என் எண்ணம். கடன் நிலைமையைப் பொறுத்து உங்கள் எண்ணம் வேறாக இருக்கலாம்.

5. டிக்கெட்

டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கினார்கள், 2025-ல் 58 ஆனது, 2026 ஜனவரியிலிருந்து 63. மாதம் ஒரு முறை கட்டினால் நாடு முழுக்க நகரப் பஸ், டிராம், மெட்ரோ, வட்டார ரயில் எல்லாவற்றிலும் ஏறலாம். மாணவர்களுக்கு இதையே அறுபது சதவீத விலைக்குத் தருகிற ஏற்பாடு பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது, செமஸ்டர் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கிவிடுவார்கள். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்காமல் தனியாக வாங்கிவிடாதீர்கள். தனியாக எடுத்தால் அது சந்தா. நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ம் தேதிக்குள் நிறுத்த வேண்டும்.

ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் இந்த டிக்கெட் செல்லாது. ஆர்இ, ஆர்பி, எஸ் என்று தொடங்கும் ரயில்களில் செல்லும். நம் ஊர் பாசஞ்சர் வண்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சுத்தமாக இருக்கும். செயலியில் தேடும்போது வட்டார ரயில் மட்டும் என்ற தேர்வைப் போட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். டிக்கெட் கைபேசியில் இருக்கிறது, கைபேசியில் சார்ஜ் இல்லை என்பதெல்லாம் பரிசோதகரிடம் எடுபடாது. பவர் பேங்க் கொண்டுபோங்கள். அடையாள அட்டையும் வேண்டும், டிக்கெட் உங்கள் பெயருக்கானது.

அடுத்தது நான் அனுபவித்துக் கற்றது. சில ரயில்கள் பாதி வழியில் இரண்டாகப் பிரியும். முன் பாதி ஒரு ஊருக்கு, பின் பாதி இன்னொரு ஊருக்கு. முதல் குளிர்காலத்தில் சன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் உட்கார்ந்துவிட்டேன். நடுவில் ஒரு நிலையத்தில் ஏதோ அறிவித்தார்கள், சிலர் எழுந்து பெட்டி மாறினார்கள், நான் இடம் காலியாகிறது என்று பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பெயரே கேள்விப்படாத ஊரில் இறங்கி நின்றேன். இருட்டு, மழை, அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம். நிலையத்தில் ஒரு பெஞ்சு, ஒரு டிக்கெட் இயந்திரம், வேறு உயிர் இல்லை. டப்பாவில் இருந்த அரிசிம்பருப்பை ஆறிப்போனபடியே தின்றேன். பெட்டியின் வெளிப்பக்கத்திலும் நடைமேடைப் பலகையிலும் எந்தப் பகுதி எந்த ஊருக்கு என்று எழுதியிருக்கும், ஏறுமுன் பாருங்கள். கூட்டம் எழுந்தால் நீங்களும் எழுந்து, "இது எங்கே போகிறது?" என்று கேட்டுவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்த ஊர்க்காரர்களே கேட்பார்கள்.

இன்னொரு பழக்கம்: திரும்பி வருகிற ரயிலை முதலில் பாருங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொண்டு, அதற்கு முந்தின வண்டியில் கிளம்புவதாகத் திட்டம் போடுங்கள். ரயில்கள் தாமதமாகும், நிறையவே ஆகும். ஜெர்மானிய நேரந்தவறாமை எல்லாம் நாம் இங்கே கேட்ட கதை.

6. எங்கே போகலாம்

முதல் மாதம் எங்கும் போகாதீர்கள், இருக்கிற ஊரைச் சுற்றுங்கள். கெம்னிட்ஸில் ஏழு மீட்டர் உயரத்தில் கார்ல் மார்க்ஸின் தலை மட்டும் சிலையாக நிற்கும். 1953-லிருந்து 1990 வரை அந்த ஊரின் பெயரே கார்ல் மார்க்ஸ் நகர்தான். எனக்குப் பிடித்தது பழைய வார்ப்பாலைக் கட்டடத்தில் உள்ள தொழில் அருங்காட்சியகம். நெசவு இயந்திரங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள், ஓட்டியும் காட்டுவார்கள். ஒரு தறி ஓட ஆரம்பித்ததும் எனக்குப் படுத்துத் தூங்க வேண்டும் போல் ஆகிவிட்டது. அந்தச் சத்தத்தில்தான் வளர்ந்தேன். ஓட்டிக் காட்டிய பெரியவரிடம் கைபேசியில் எங்கள் தறியைக் காட்டினேன். படத்தைப் பெரிதாக்கி நாடாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையாட்டினார். எனக்கு அப்போது இருபது ஜெர்மன் சொல்தான் தெரியும், அதற்கு மேல் தேவைப்படவுமில்லை.

முதல் பெரிய பயணம் என்றால் பாஸ்டை என்ற பாறை மலை. டிரெஸ்டன் வரை வட்டார ரயில் ஒரு மணி நேரம், அங்கிருந்து எஸ்1 ரயிலில் ராட்டன் என்ற சிற்றூர். நிலையம் எல்பே ஆற்றின் ஒரு கரையில், மலை மறுகரையில். நடுவில் ஒரு படகு. அதற்கு இன்ஜின் கிடையாது. ஆற்றின் மேல்புறம் நீளமான கம்பியில் கட்டியிருப்பார்கள். படகைக் கொஞ்சம் சாய்த்துத் திருப்பினால் நீரோட்டமே அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. பவானி ஆற்றுப் பரிசலில் போனவர்களுக்கு அந்த வித்தை உடனே பிடிபடும். அக்கரையிலிருந்து படியேறினால் அரை மணி முக்கால் மணியில் மேலே. மணற்பாறைத் தூண்களுக்கு நடுவே 1851-ல் கட்டிய கல் பாலம், கீழே 194 மீட்டர் ஆழத்தில் ஆறு. கூட வந்த வடநாட்டு நண்பர்கள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சென்னிமலையின் 1,320 படியைக் கிருத்திகைக்குக் கிருத்திகை ஏறினவளுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. படகுக்கும் மேலே சில பகுதிகளுக்கும் தனிக் கட்டணம், சில யூரோதான். நல்ல ஷூ போட்டுப் போங்கள், மழை பெய்தால் பாறை வழுக்கும்.

திரும்பும் வழியில் டிரெஸ்டனில் இரண்டு மணி நேரம். 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் இடிந்த ஃபிரவென்கிர்க்க தேவாலயத்தை மறுபடி கட்டி 2005-ல் திறந்தார்கள். சுவரில் அங்கங்கே கறுப்பாகத் தெரிகிற கற்கள் பழைய கட்டடத்தினுடையவை.

நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை ஊருக்கு ஊர் சந்தை. டிரெஸ்டன் சந்தை 1434-லிருந்து நடக்கிறது. குளிரில் சூடாக விற்கிற பானத்தில் பெரும்பாலும் ஒயின் இருக்கும். வேண்டாதவர்கள் குழந்தைகளுக்கான பானம் என்று கேளுங்கள். குவளைக்கு முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் வரும். கூட்டம் பிடிக்காதவர்கள் தெற்கே எர்ட்ஸ்கெபிர்க மலைக்குப் போகலாம். டிசம்பரில் அங்கே சன்னலுக்குச் சன்னல் வளைவு விளக்கு வைத்திருப்பார்கள், நம் கார்த்திகைத் தீபம் மாதிரியே இருக்கும். கிரான்ட்சாலிலிருந்து ஓபர்வீசன்டால் வரை 1897-லிருந்து ஓடுகிற நீராவிக் குட்டி ரயிலும் உண்டு. மேட்டுப்பாளையத்து ஆட்கள் வேண்டுமானால் ஊட்டி ரயிலோடு ஒப்பிட்டுச் சண்டை போட்டுக்கொள்ளலாம். அந்த மாதங்களில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். வெள்ளென கிளம்பிப் பொழுதோட திரும்புங்கள்.

அப்புறம் ஹம் என்ற ஊர். கெம்னிட்ஸிலிருந்து வட்டார ரயிலிலேயே போனால் ஒரு பகல் முழுக்க ஆகும், இருந்தாலும் ஒரு முறையாவது போங்கள். ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைக்குள், 17 மீட்டர் கோபுரத்தோடு காமாட்சி அம்பாள் கோவில். இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது, 2002-ல் குடமுழுக்கு. மே, ஜூன் வாக்கில் தேர். காவடியும் கற்பூரமும் ஜெர்மன் போலீசார் பாதுகாப்பில் தெருவில் போவதைப் பார்க்க வேண்டும். நான் போனபோது வரிசையில் பக்கத்தில் நின்ற அம்மா, "பிள்ளை இந்தியாவோ? சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டுக் கையைப் பிடித்து அன்னதானப் பந்தலுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். எட்டு மாதம் கழித்து அன்றைக்குத்தான் யாரோ எனக்குச் சோறு போட்டார்கள். அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவர் எதுவும் கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம் பருப்பு வைத்தார்.

உங்கள் நகரத்திலும் இலங்கைத் தமிழர் கடை இருக்கிறதா என்று முதல் மாதமே தேடிப்பிடியுங்கள். அரிசி, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் அங்கேதான்.

7. எல்லை தாண்டும்போது

ஜெர்மனியின் தங்கும் அனுமதி இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவை ஏற்றுக்கொள்கிற ஐரோப்பிய நாடுகளில், எந்த 180 நாளிலும் 90 நாள் வரை சுற்றலாம். தனி விசா வேண்டாம். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இது செல்லாது. பாஸ்போர்ட்டும் தங்கும் அனுமதி அட்டையும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். நகலோ கைபேசிப் படமோ போதாது. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை போடுகிறது. டிரெஸ்டனிலிருந்து பிராக் இரண்டு மணி நேரம்தான், நம் ஊர்க்காரர்கள் கோவைக்குப் போய்வருகிற மாதிரி போய் வருகிறார்கள். ஆனால் திரும்பும்போது நடு இரவில் பஸ்ஸை ஓரங்கட்டி ஒவ்வொருவரையும் பார்ப்பார்கள். அட்டை இன்னும் வரவில்லை, தற்காலிகத் தாள்தான் இருக்கிறது என்றால், வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல் எல்லை தாண்டாதீர்கள்.

செக் நாட்டில் யூரோ அல்ல, கொருனா. தெருவில் பணம் மாற்றித் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் போகாதீர்கள், அட்டையைப் பயன்படுத்துங்கள். ஜெர்மன் சிம் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கக் கூடுதல் கட்டணம் இல்லாமல் வேலை செய்யும். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. அங்கே இறங்குமுன் டேட்டாவை அணைக்காத என் தோழி ஒருத்தி ஒரு வாரச் சாப்பாட்டுக் காசை இழந்தாள். லக்சம்பர்க் போனால் பஸ், ரயில், டிராம் எல்லாம் 2020-லிருந்து இலவசம்.

போகிற ஊரில் பயணிகளுக்கான ஹாஸ்டலில் தங்குவதானால் சின்னப் பூட்டு ஒன்று எடுத்துப் போங்கள், அலமாரி இருக்கும், பூட்டு இருக்காது. பெண்கள் மட்டும் தங்கும் அறை பெரும்பாலும் கிடைக்கும், இரண்டு மூன்று யூரோ கூடும். தனியாகப் போகலாமா என்று பெண் பிள்ளைகள் கேட்கிறார்கள். நான் போனேன், பகலில் பயந்ததில்லை. ஊர்வலம் நடக்கிற நாள், கால்பந்து முடிந்து கூட்டம் குடித்துவிட்டு வருகிற நேரம், இந்த இரண்டிலும் நிலையத்தைச் சுற்றி நிற்காதீர்கள். ரயிலில் கண்டக்டர் இருக்கிற பக்கத்துப் பெட்டியில் உட்காருங்கள். போலீஸுக்கு 110, ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 112.

8. வீட்டுக்குச் சொல்வது

கோடையில் நாம் அவர்களைவிட மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம். நீங்கள் இரவு பதினொன்றுக்கு அறைக்குத் திரும்பும்போது இங்கே விடியற்காலை ஆகிவிடும். வந்ததும் போன் பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் அதுவரை இங்கே ஒருவர் தூங்கமாட்டார். "நாளைக்குக் காலைல எந்திரிச்சுப் பாருங்க, மெசேஜ் இருக்கும்" என்று சொல்லுங்கள். படம் அனுப்பினால் ஊர் பெயரைத் தமிழில் எழுதி அனுப்புங்கள்.

பாஸ்டை படத்தை அப்படித்தான் அனுப்பினேன். மறுநாள் அம்மாயி போனை வாங்கிப் பேசியது. பெயர் வாயில் நுழையவில்லை. "அந்தக் கல்லுப் பாலத்துல முருகன் கோயல் எந்தப் பக்கம் கண்ணு இருக்குது?" என்று கேட்டது. மேலே கோவில் இல்லை அம்மாயி, ஓட்டல்தான் இருக்கிறது என்றேன். "கோயல் இல்லாத மலைக்கு எதுக்குச் சாமி அத்தனை படி ஏறுனே?"